குருதிக்கு விலை இல்லை: ஓர் அறநிறுவனத்தின் கதையும் அதன் சட்டப் பின்புலமும்

சேலம் நகரின் தென்மேற்கே, கஞ்சமலையை அடுத்து அமைந்திருக்கும் இளம்பிள்ளையைத் தமிழ்நாட்டுப் பெண்டிர் பலரும் சேலையின் பெயராகவே அறிவர். ஊருக்குள் நுழையும்போதே விசைத்தறியின் ஓசை வரவேற்கிறது. பாவுக்கு ஒரு விலை, ஊடைக்கு ஒரு விலை, சரிகைக்கு ஒரு விலை, சாயத்துக்கு ஒரு விலை, நெய்பவர் கைக்கு ஒரு கூலி என எல்லாவற்றையும் அளந்தும் எண்ணியும் கணக்கெழுதும் ஊர் இது. தீபாவளிக்கும் திருமணப் பருவத்துக்கும் ஏற்றவாறு விலை ஏறுவதும் இறங்குவதும் இங்கே சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. இத்தகையதோர் ஊரில் நின்றுகொண்டு, விலை சொல்லவே கூடாத பொருள் ஒன்று உண்டா என வினவினால், நாட்டின் சட்டமும் மார்க்கச் சட்ட அறிஞரும் ஒரே விடையைத் தருகின்றனர். அப்பொருள் மனிதக் குருதி.

பேறுகாலத்தில் ஒரு தாய்க்குக் குருதிப்போக்கு நிற்கவில்லை எனில், உள்ளூர் மருத்துவர் செய்யக்கூடியது சொற்பமே. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே அவருக்கு ஏற்ற குருதி அந்த நேரத்தில் இருக்க வேண்டும். இருப்பதோடு போதாது, அது நோயற்றதாகவும் இருக்க வேண்டும். நெடுஞ்சாலைகள் பல வந்து கூடும் சேலத்திலும், லாரித் தொழிலால் பெயர்பெற்ற நாமக்கல்லிலும் விபத்தில் சிக்கியவருக்கும் இதே தேவைதான். இவர்களுக்கு ஒருமுறை கிடைத்தால் போதும். தலசீமியா என்னும் பிறவிக் குருதிச் சோகை கொண்ட குழந்தைக்கோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் பிறர் குருதி வேண்டும். யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அக்குழந்தை வாழ்ந்துகொண்டே இருக்கும்.

அந்த 'யாரோ ஒருவர்' எவர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குருதியைப் பாதுகாத்து வைத்துப் பிறருக்கு ஏற்றும் கலை மிகப் பழையதன்று. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளைக் கண்டறிந்தார். 1914ஆம் ஆண்டளவில் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் குருதி உறையாது என்பது தெளிவாயிற்று. 1937இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்டு ஃபாண்டஸ் சேமிப்பகம் ஒன்றை அமைத்து, அதற்கு 'குருதி வங்கி' எனப் பெயரிட்டார். வங்கி என்னும் சொல் அன்று தொட்டு ஒட்டிக்கொண்டது. போட்டவர் எடுப்பார், கடன் வாங்கியவர் திருப்புவார் என்னும் பொருளை அச்சொல் தன்னோடு கொண்டு வந்தது. அதனால் விளைந்த குழப்பமும் சிறிதன்று. இந்திய மருந்து விதிகள் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 'வங்கி' என்பதைக் கைவிட்டு 'குருதி மையம்' என்று மாற்றிக்கொண்டன. ஆயினும் மக்கள் நாவில் இன்றும் வங்கியே நிற்கிறது. நாமும் அவ்வாறே வழங்குவோம்.

நம் நாட்டில் குருதி நெடுங்காலம் விலைக்கு விற்கப்பட்டது. கூலி வேலை கிடைக்காத நாளில் மருத்துவமனை வாயிலில் நின்று ஒரு பை குருதி கொடுத்துச் சில ரூபாய் பெற்றுச் செல்வோர் பெருநகர் தோறும் இருந்தனர். ஊட்டமின்றி, உரிய இடைவெளியின்றி, நோயை மறைத்துக் கொடுத்த அக்குருதி யாருடைய உடலுக்குள் சென்றது என்பதைக் கணக்கெடுத்தார் இலர். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோதுதான் இதன் அபாயம் பொறி தட்டியதுபோல் உறைத்தது. குருதி வங்கிகளின் நிலையை ஆராயுமாறு நடுவண் அரசு பணித்ததன் பேரில் 1990இல் ஃபெர்குசன் நிறுவனம் அளித்த அறிக்கை, உரிமமற்ற வங்கிகளையும் சோதனையற்ற குருதியையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு எச்.டி. ஷௌரியின் 'காமன் காஸ்' அமைப்பு உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஜனவரி 4 அன்று தீர்ப்பு வந்தது. உரிமமின்றி எவ்வங்கியும் இயங்கலாகாது. தேசிய, மாநிலக் குருதியேற்று மன்றங்கள் அமைய வேண்டும். விலைக்குக் குருதி கொடுக்கும் வழக்கம் ஈராண்டுக்குள் ஒழிய வேண்டும். அதன்படி 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் குருதி விற்பனை சட்டப்படி முடிவுக்கு வந்தது.

நாமக்கல் வட்டாரத்தார்க்கு இந்தத் தீர்ப்பின் அருமை தனியே விளக்கத் தேவையில்லை. நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. தொற்று மிகுந்திருந்த மாவட்டங்களுள் நாமக்கல் முன்னிலையில் இருந்தது. அன்றைய நிலையில் விலைக்குருதி தொடர்ந்திருக்குமானால், குற்றம் ஏதுமறியாத தாய்மாரும் சேய்களும் எத்தனை பேர் பலியாகியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறோம்.

விலை கொடுத்தால் பொருள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் என்பது சந்தையின் பாலபாடம். குருதியில் அது ஏன் தலைகீழாயிற்று? ஆங்கிலச் சமூகவியலறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் 1970இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். விலைக்குக் குருதி வாங்கிய அமெரிக்க முறையையும், கொடையாகப் பெற்ற பிரிட்டிஷ் முறையையும் ஒப்பிட்டு, விலை நுழைந்த இடத்தில் உண்மை வெளியேறுகிறது என்று அவர் காட்டினார். காசுக்காக வருபவருக்குத் தன் நோயை மறைக்கக் காரணம் இருக்கிறது. கொடையாகக் கொடுப்பவருக்கு அக்காரணம் இல்லை. மேலும், காசு கொடுக்கப்படும் என்றானவுடன் இலவசமாகக் கொடுத்துவந்தவர் மெல்ல விலகிக்கொள்கின்றனர். பொருளியலறிஞர் கென்னத் ஏரோ இந்த இரண்டாம் கூற்றை ஏற்கவில்லை. சந்தை ஒன்று புதிதாகத் திறப்பதால் கொடுப்பவரின் உரிமை எப்படிக் குறையும் என அவர் வினவினார். தர்க்கமாகப் பார்த்தால் ஏரோவின் கேள்வி வலுவானதுதான். எனினும் மனித மனம் தர்க்கத்தால் மட்டும் இயங்குவதன்று என்பது என் துணிபு. விருந்துக்கு அழைத்தவர் இலைக்குப் பணம் கேட்டால் விருந்தினர் அடுத்தமுறை வருவதில்லை. இதற்கு ஆய்வேடு தேவையில்லை.

இனி மார்க்கச் சட்டத்தின் பார்வைக்கு வருவோம். ஓடும் குருதியை உண்பது விலக்கப்பட்டது என்பது இறைமறையின் தெளிவான கட்டளை. இரண்டாம், ஐந்தாம், ஆறாம், பதினாறாம் அத்தியாயங்களில் அது வருகிறது. அவ்விடங்களிலெல்லாம், வரம்பு மீறும் எண்ணமின்றி நிர்ப்பந்தத்துக்கு ஆளானவருக்கு விதிவிலக்கும் உடன் வருகிறது. ஏற்றப்படும் குருதி உண்ணப்படுவதன்று எனினும், தூய்மையற்றதெனச் சட்டம் வகுத்த ஒன்றை உடலுக்குள் செலுத்தலாமா என்னும் ஐயம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிஞரிடையே எழுந்தது. துணைக்கண்டத்தில் இதற்கு விரிவாக விடை கண்டவர்களுள் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் குறிப்பிடத்தக்கவர். அவர் தாய்ப்பாலை ஒப்புமையாக எடுத்தார். பாலும் மனித உடலின் பகுதியே. உறுப்பை அறுக்காமல் வெளிப்படுவது. ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் சென்று உயிர் வளர்ப்பது. சட்டமும் அதனை அனுமதித்திருக்கிறது. குருதியும் வெட்டின்றி ஊசி வழியே எடுக்கப்படுவதால், உயிர்காக்கும் தேவை நேரும்போது அது கூடும் என்பது அவருடைய முடிவு.

பாலின் ஒப்புமை வேறொரு சிக்கலையும் உடன் அழைத்து வந்தது. பால்குடி உறவு திருமணத்தைத் தடுக்குமே, குருதி உறவும் தடுக்குமா? ஒரு பெண்ணின் குருதி ஏற்றப்பட்ட குழந்தை அவளுக்குப் பால்குடிப் பிள்ளை போல ஆகிவிடுமா? சிலர் இதனைக் கேட்டு நகைக்கக்கூடும். ஆயின் தம் மகனுக்குக் குருதி கொடுத்தவர் வீட்டில் பெண் எடுக்கலாமா எனக் கவலையுற்ற குடும்பங்கள் உண்டு. மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு மன்றம் 1989இல் இதனை ஆராய்ந்து, பால்குடிக்குரிய சட்டம் குருதிக்கு இல்லை என்று தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1988 பிப்ரவரியில், ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமி, குருதி, தோல் போன்று தானாக மீண்டும் வளரும் பகுதிகளைப் பிறருக்குக் கொடுப்பது கூடும் என்று தீர்மானித்தது. கொடுப்பவர் முழு அறிவும் உரிமையும் உடையவராயிருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

விலையைப் பற்றி நபிமொழி ஒன்று உண்டு. அபூ ஜுஹைஃபா (ரலி) அறிவிக்க, புகாரியில் இடம்பெறுவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குருதியின் விலையைத் தடுத்தார்கள் என்பது அதன் கருத்து. இங்கே குருதியின் விலை என்பது யாது? உடலிலிருந்து குருதி வாங்கும் ஹிஜாமா தொழிலாளியின் கூலியையே அது குறிக்கும் என்றனர் சிலர். குருதியை விற்பதையே நேராகக் குறிக்கும் என்றனர் பிறர். விரிவுரையாளர் இப்னு ஹஜர் இவ்விரு கருத்துகளையும் எடுத்தெழுதுகிறார். ஊசியும் பையும் இல்லாத காலத்தில் குருதி விற்பது கற்பனையாகத் தோன்றியிருக்கலாம். அதனால் முதற்பொருள் இயல்பாக இருந்திருக்கும். இன்று இரண்டாம் பொருள் நம் கண்முன் நிற்கிறது. 1989ஆம் ஆண்டுத் தீர்மானம் இதிலும் ஒரு நுட்பத்தைக் காட்டியது. குருதியை விற்றல் கூடாது. ஆனால் உயிர் ஊசலாடும் வேளையில் விலையின்றித் தருவார் எவருமில்லை எனில், கொடுத்து வாங்கியவர் மீது குற்றமில்லை. வாங்கிக்கொண்டவரே பாவத்துக்கு உரியவர். ஏழையின் நெருக்கடியைக் குற்றமாக்காமல் அதனைப் பயன்படுத்துவோரைக் குற்றவாளியாக்கும் இந்த நீதி, நம் நாட்டுச் சட்ட வரைவாளரும் கருதத்தக்கது.

அப்படியானால் குருதி வங்கிகள் பணம் வாங்குவது ஏன் என வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இலவசமாகக் கொடுத்த குருதிக்கு ஆயிரத்துக்கு மேல் ரசீது போடப்படுவதைக் கண்டு மனம் கசந்து, மறுமுறை கொடுக்க மறுத்தவர்களை நானே அறிவேன். இதற்கு விடை ஃபிக்ஹு நூல்களில் பழக்கமான ஒரு பாகுபாட்டில் இருக்கிறது: பொருளின் விலை வேறு, உழைப்பின் கூலி வேறு. இறைமறைப் பிரதியை விற்கலாமா என்னும் விவாதத்தில், பெறப்படுவது தாளுக்கும் எழுதிய கைக்கும் உரிய ஊதியமே என்று முற்கால அறிஞர் சிலர் கூறிய விளக்கம் இவ்விடத்தும் பொருந்தும். பை, ஊசி, ஐந்து நோய்களுக்கான சோதனை, வகை காணல், ஒப்புமை பார்த்தல், பகுத்தல், குளிர்ப்பதனம், மின்சாரம், பணியாளர் ஊதியம் எனச் செலவு இருக்கிறது. தேசியக் குருதியேற்று மன்றம் இச்செலவுக்கு உச்சவரம்பு விதித்துள்ளது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒரு பை முழுக்குருதிக்குத் தனியார் வங்கிகள் 1,550 ரூபாய்க்கு மேல் பெறலாகாது. 2024 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம், குருதி விற்பனைக்குரியதன்று, செயலாக்கக் கட்டணம் மட்டுமே பெறலாம் என மீண்டும் வலியுறுத்தியது. தலசீமியா நோயாளிகளுக்கு இக்கட்டணமும் இல்லாமலே வழங்க வேண்டும் என்பது நெறி.

இந்நெறியைத் தன் அமைப்பின் அடிப்படையாகவே கொண்டு எழுந்த நிறுவனங்களுள் ஒன்று சென்னையின் ஜீவன் இரத்த வங்கி. மருத்துவர் பி. சீனிவாசன் முன்னின்று 1995இல் பொது அறக்கட்டளையாக அதனை நிறுவினார். ஆண்டைக் கவனிக்க வேண்டும்: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு முன்னரே, விற்பனை இன்னும் சட்டப்படி தடைசெய்யப்படாதபோதே, தன்னார்வக் கொடையை நம்பி நடந்த முயற்சி அது. பெங்களூரில் 1984இல் தோன்றிய பெங்களூர் மருத்துவச் சேவை அறக்கட்டளையும் இவ்வழியில் முன்னோடி. மருத்துவமனையின் ஒரு பிரிவாக இல்லாமல், ஆதாயம் நோக்காமல், நகரின் பல மருத்துவமனைகளுக்கும் குருதி வழங்கும் தனி அறநிலையம் என்பது அந்நாளில் புதுமை. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை வக்ஃபின் வருவாயால் நடந்ததை வரலாற்றில் படித்தவர்க்கு, இவ்வகை அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

பாதுகாப்பான குருதி என்பது எத்தகையது? சோதனை செய்துவிட்டால் போதும் என்பது பொதுவான எண்ணம். எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பையும் சோதிக்கப்படுவது கட்டாயம். ஆனால் தொற்று நுழைந்த முதல் சில வாரங்களில் அது குருதியில் இருந்தும் சோதனையில் அகப்படாது. நுண்ணுயிரின் மரபணுவையே தேடும் நாட் சோதனை இந்த இடைவெளியைச் சுருக்குகிறது; முற்றாக நீக்குவதில்லை. அது நாடெங்கும் கட்டாயமாக்கப்படவும் இல்லை. ஆகவே குருதியின் முதற் காவல் ஆய்வகத்தில் இல்லை, கொடுப்பவரின் நாவில் இருக்கிறது. முகாமில் தரப்படும் வினாத்தாளை நிரப்பும்போது அவர் உண்மை எழுதுகிறாரா என்பதே முதற் சோதனை. நண்பர்கள் சூழ்ந்திருக்க வரிசையில் நிற்கும் இளைஞன், வெட்கத்தால் ஒன்றை மறைக்கக்கூடும். நல்ல வங்கிகள் அதனால்தான் தனியே அமர்த்தி வினவுகின்றன.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்ததை நாடே அறிந்தது. அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண்ணொருவருக்கு எச்.ஐ.வி. தொற்றிய குருதி ஏற்றப்பட்டது. குருதி கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையின்போதுதான் தம் நிலையை அறிந்தார். அறிந்தவுடன், தம் குருதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று தாமே ஓடி வந்து தெரிவித்தார். அதற்குள் ஏற்றப்பட்டுவிட்டது. அவர் மனமுடைந்து அம்மாத இறுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைத் தூற்றியவர் பலர். ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்திருந்தால் அவரை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதை அத்தூற்றலில் மறந்துவிட்டோம். அமானிதத்தைத் திருப்பிச் சேர்க்க ஓடி வந்த அவ்விளைஞருக்கு ஆறுதல் கூறும் ஏற்பாடு நம்மிடம் இல்லாமல் போயிற்று.

குருதியை நெடுநாள் வைத்திருக்கவும் இயலாது. செவ்வணுக்கள் 35 முதல் 42 நாள்கள் வரை. தட்டணுக்கள் ஐந்தே நாள்கள். பிளாஸ்மா மட்டும் உறைநிலையில் ஓராண்டு. ஆகவே ஒரே நாளில் ஆயிரம் பேர் கொடுத்துவிட்டு ஆண்டு முழுதும் மறந்துவிடும் விழாக்கொடையால் பயன் குறைவு. அவற்றுள் பல பைகள் காலாவதியாகின்றன. தலைவர் பிறந்தநாள் முகாம்களை நடத்துவோர் இதனைக் கருதினால் நன்று. ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், 18 முதல் 65 வயது வரை, 45 கிலோ எடையும் போதிய ஹீமோகுளோபினும் இருப்பின் கொடுக்கலாம்.

ரமளான் மாதத்தில் முஸ்லிம்களிடமிருந்து கொடை குறைவதை இவ்விடத்தில் பேசத்தான் வேண்டும். நோயாளிக்கு ரமளான் என்று குருதித் தேவை குறைவதில்லை. குருதி கொடுத்தால் நோன்பு முறியுமா? ஹிஜாமாவை ஒப்புமையாகக் கொண்டு ஹன்பலி அறிஞர் முறியும் என்பர். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி அறிஞர் முறியாது என்பர். நோன்பாளியைத் தளரச் செய்யுமாயின் வெறுக்கத்தக்கது என்று இவர்களும் கூறுகின்றனர். சேலம் வட்டாரத்தில் ஹனஃபி வழியினரும் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழியினரும் மிகுதி. இரு சாராருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஆயினும் பகலில் நீரருந்தாதிருப்பவர் குருதி கொடுத்து மயங்கி விழுவது மருத்துவர் விரும்பத்தக்கதன்று. நோன்பு திறந்து, உண்டு, தராவீஹுக்கு முன்னரோ பின்னரோ பள்ளிவாசல் வளாகத்தில் இரவு முகாம் நடத்துவது எல்லா வழியினரும் ஏற்கத்தக்க தீர்வு.

இனி, குருதிக்கு அடுத்த படி. தலசீமியாக் குழந்தைக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு பையும் இரும்புச் சத்தை உடலில் விட்டுச் செல்கிறது. அது இதயத்திலும் கல்லீரலிலும் படிந்து நாளடைவில் கொல்கிறது. இரும்பை வெளியேற்ற மருந்து உண்டு. தினமும், ஆயுள் முழுதும். நோயையே நீக்கவல்லதென நெடுங்காலம் நிலைபெற்ற முறை ஒன்றே: குருதியை உண்டாக்கும் மூல உயிரணுக்களை மற்றொருவரிடமிருந்து பெற்று மாற்றுவது. எலும்பு மச்சை மாற்று என இதனை வழங்குவர். இந்தியாவில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இது தொடங்கியது. குருதிப் புற்றுநோய் பலவற்றுக்கும் இதுவே மருந்து.

இதற்குக் குருதி வகை பொருந்தினால் போதாது. எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளம் பொருந்த வேண்டும். பெற்றோரிடமிருந்து பாதி பாதியாக வருவதால், உடன்பிறந்த ஒருவர் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. இரு குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் இக்காலக் குடும்பத்தில் பெரும்பாலார்க்கு வீட்டுக்குள் கொடையாளர் இலர். வெளியே தேட வேண்டும். லண்டனில் ஷர்லி நோலன் என்னும் தாய் தம் மகன் ஆண்டனிக்காகத் தேடியபோது 1974இல் உலகின் முதற் பதிவேடு தோன்றியது, மகனுக்குக் கொடையாளர் கிடைக்கவில்லை, 1979இல் அவன் இறந்தான், பதிவேடு நிலைத்தது. இன்று உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் உள்ளனர். ஆயினும் இவர்களுள் ஐரோப்பிய மரபினரே மிகுதி. திசு அடையாளம் மரபுவழிப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்ட சமூகத்துக்குள் அது குவிந்து கிடக்கும். இளம்பிள்ளையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பொருத்தம் பெர்லினில் கிடைப்பதைவிட அடுத்த தெருவில் கிடைக்க வாய்ப்பு மிகுதி. அடுத்த தெருவார் பதிவேட்டில் இல்லை என்பதே இடர்.

இவ்விடரை உணர்ந்தே, ஜீவன் 2008இல் பொதுத் தொப்புள்கொடிக் குருதி வங்கியை அமைத்தது. மகப்பேற்றுக்குப்பின் எறியப்படும் கொடியில் எஞ்சிய குருதி மூல உயிரணு மிக்கது. 1988இல் பாரிசில் எலியான் குளுக்மன் அதைக்கொண்டு ஒரு சிறுவனுக்கு முதல் மாற்றைச் செய்து காட்டியிருந்தார். கட்டணமின்றிப் பெற்று, எவருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு வழங்குவது பொது வங்கி. தம் குழந்தைக்கென்றே பணம் கட்டிப் பூட்டி வைப்பது தனியார் வங்கி. பின்னது காப்பீடு போல விளம்பரப்படுத்தப்படுவது. ஆனால் தலசீமியா உள்ள குழந்தைக்கு அதன் சொந்தக் கொடிக்குருதியும் அதே பழுதை உடையது, அதனால் பயனில்லை. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் இத்தகைய தனியார் சேமிப்பைப் பரிந்துரைப்பதற்கில்லை என்று அறிவித்தது. பெற்றோரின் அச்சத்தை முதலாக்கும் வணிகம் என்றே நான் இதனைக் கருதுகிறேன். மறுபுறம், பாதிப் பொருத்தம் கொண்ட பெற்றோரிடமிருந்தே மாற்றுச் செய்யும் முறை வளர்ந்தபின், பொதுக் கொடிக்குருதி வங்கிகளின் தேவையும் உலகெங்கும் குறைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

வயது வந்தோர் பதிவேட்டில் ஜீவனும் இறங்கியது. சென்னையிலேயே 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேடு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்திருக்கிறது. பெங்களூர் அறக்கட்டளை ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ். நிறுவனத்தோடு 2019இல் கைகோத்தது. பதிவு எளிது: கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும். பொருத்தம் வந்து அழைக்கப்பட்டால் ஐந்து நாள் ஊசி போட்டு, பெரும்பாலும் தட்டணு எடுப்பது போலவே கையிலிருந்து சில மணி நேரத்தில் எடுத்துக்கொள்வர். முதுகெலும்பைத் துளைப்பார்கள், ஆண்மை போய்விடும் என்பன போன்ற பேச்சுகளுக்கு ஆதாரமில்லை. எடுக்கப்பட்டவை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். ஜித்தாத் தீர்மானம் குறிப்பிட்ட 'மீண்டும் வளரும் பகுதி' என்பதில் இதுவும் அடங்கும்.

மாற்றுச் சிகிச்சை மருத்துவரின் வெற்றியாகவே செய்தித்தாளில் வரும். அதன் பின்னால் குருதி வங்கி இருப்பதை அச்செய்தி சொல்வதில்லை. புதிய உயிரணுக்கள் வேர்விடும் வரை நோயாளி தாமாக ஒரு சொட்டுக் குருதியையும் உண்டாக்க மாட்டார். தட்டணு நாள்தோறும்கூடத் தேவைப்படலாம். ஐந்து நாளில் கெடும் பொருளாகையால் ஒவ்வொருமுறையும் புதிய கொடையாளர் வந்தமர வேண்டும். ஏற்றப்படும் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே தாக்காதிருக்க, அதற்குக் கதிர்வீச்சு கொடுத்து அனுப்ப வேண்டும்.

தலசீமியா வருமுன் தடுப்பதும் இயலும். தாய் தந்தை இருவரும் நோய்க்கூறு சுமப்பவராயிருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். முறைப்பெண், முறைமாப்பிள்ளை மணம் வழங்கும் நம் நாட்டில் எல்லாச் சமயத்தார்க்கும் இது பொது. ஈரான் 1997 முதலும், சவூதி அரேபியா 2004 முதலும் திருமணத்துக்கு முன் குருதிச் சோதனையைக் கட்டாயமாக்கின. நம் ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேட்டுக்கு முன் ஒரு சிறு சோதனைச் சீட்டைக் கேட்பதில் மார்க்கத் தடை ஏதும் இல்லை.

உடலுக்கு விலை வைத்தால் என்னவாகும் என்பதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இளம்பிள்ளையைப் போன்றே விசைத்தறியால் வாழும் நாமக்கல் மாவட்டப் பள்ளிபாளையத்தில், கடன்பட்ட தறித் தொழிலாளர் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025 ஜூலையில் வெளியாயிற்று. மாநில அரசு விசாரித்து, இரு தனியார் மருத்துவமனைகளின் மாற்று உரிமத்தை நிறுத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக்கு உத்தரவிட்டது. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் மூளைச்சாவடைந்தோர் உறுப்புக்கொடைத் திட்டமும் 2008 முதல் நாட்டுக்கே முன்மாதிரியாக நடக்கிறது. இரண்டும் இருந்தும் தறிக்கூடத்துக்குத் தரகர் வர முடிந்தது. வட்டியே அவருக்கு வழி திறந்தது.

கொடையின் பாதையிலும் ஓர் இடறல் உண்டு. பதிவேடு நடத்துவோர் அனைவரும் முறையிடுவது அது. ஆர்வத்தில் பெயர் கொடுத்தவர், ஆண்டுகள் கழித்துப் பொருத்தம் வந்து அழைக்கும்போது மறுத்துவிடுகிறார். பெரும்பாலும் மறுப்பவர் அவரல்லர். தாய் அழுகிறார், மனைவி தடுக்கிறார், பெரியவர் ஒருவர் 'நமக்கெதற்கு' என்கிறார். சாதாரணக் குருதிக்கொடையில் ஒருவர் பின்வாங்கினால் மற்றொருவர் வருவார். இங்கே அந்த ஒருவருக்கு மாற்றில்லை. மாற்றுக்கு முன் நோயாளியின் பழைய மச்சையைக் கடும் மருந்தால் முற்றாக அழிப்பர்; அழித்தபின் கொடையாளர் வரவில்லை எனில் அவர் பிழைப்பதரிது. அதனால்தான் பதிவேடுகள் கொடையாளரை மட்டுமன்றி அவர் குடும்பத்தாரையும் அமர்த்தி விளக்குகின்றன. இறுதி ஒப்புதலில் அவர் கையெழுத்திட்ட பின்னரே மருந்து தொடங்கும் நாள் குறிக்கப்படுகிறது. அண்மைக் காலமாகச் சில மருத்துவமனைகள், உயிரணுக்களை முன்கூட்டியே பெற்று உறையவைத்து, அவை கைக்கு வந்து சேர்ந்த பின்பே நோயாளிக்கு முதல் மருந்தைச் செலுத்துகின்றன.